இடப்பக்க இருக்கையில் தவமலர்

தவமலரின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது நான் ஒரு ஜீப்புக்குக் கீழே கிடந்தேன். கையெல்லாம் கழிவு ஒயில். இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தரம் அடித்தபோது முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டு, "இண்டைக்கும் பிந்தித்தானா? முன்கூட்டிச் சொன்னா வாய் தேஞ்சிருமா?" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பக்கம் கேட்டது அவளுடைய தங்கச்சியின் குரல். "அண்ணன், நான் ஈஸ்வரி. அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா." நான் உடனே எழும்பவில்லை. பூட்டிக்கொண்டிருந்த நட்டைப் பூட்டி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அவள் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஈஸ்வரி கேட்டாள். ஒரு பக்கம் போதாது என்றேன். "எத்தினை பக்கமெண்டாலும் எழுதுங்க. ஆனா அழுதழுது எழுதாதீங்க, அக்காக்குப் பிடிக்காது" என்றாள். அவளை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். ஏறாவூர் தாண்டிச் செங்கலடிக்குப் போகும் வழியில் கராஜ் வைத்திருக்கும் சிவராசா. நீங்கள் 'பாஸ்' என்று கூப்பிடும் ஆள். பதினொரு வருஷம் தவமலர், எங்களுக்கு மலர், என்னோடு வேலை செய்தாள். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. இரண்டு தரம் அப்படி எழுதிப் பார்த்தேன், ஓய்வு பெற்ற அதிபர் ஒருவரைப் பற்றி எழுதுவது போல் இருந்தது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

அவள் கராஜுக்கு வந்தது வாகனத்தில் உள்ள ஆசையால் அல்ல. கணிதத்தில் பட்டம் எடுத்துவிட்டு, அரசாங்க வேலைக்குக் காத்திருந்து, பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அப்போதுதான் ஒரு ஸ்கேனர் வாங்கியிருந்தேன். வாகனத்தின் கொம்பியூட்டரோடு பொருத்தினால் எஞ்சினுக்குள் நடப்பதையெல்லாம் எண்ணாகவும் ஆங்கிலமாகவும் காட்டும் கருவி அது. எண் எனக்கு விளங்கும், ஆங்கிலம் விளங்காது. வாசித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு என்றுதான் வந்தாள். முதல் நாளே திரையில் ஓடிய எண்களைப் பார்த்து, இது ஏன் கூடுது, அது ஏன் குறையுது என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தாள். "அது அப்படித்தான்" என்றேன். "அப்படித்தான் எண்டா அது விடை இல்லயே, அண்ணன்" என்றாள். கடைசிவரை ஒரு ஸ்பானரைக்கூட அவள் கையில் எடுத்ததில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குள், அவளைக் கேட்காமல் நான் ஒரு பொனட்டையும் திறப்பதில்லை என்றாகிவிட்டது.

அவள் பெயரெடுத்தது ஒரே ஒரு விஷயத்தில். இப்போது வரும் டீசல் வாகனங்களில் சைலன்சர் குழாய்க்கு நடுவே ஒரு பில்டர் இருக்கிறது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைப்பது அதன் வேலை. கரி நிறைந்ததும் எஞ்சின் தானாகவே கொஞ்சம் டீசலை மேலதிகமாக அனுப்பி, குழாயைக் கடுமையாகச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துவிடும். அதற்கு வாகனம் ஒரு இருபது நிமிடமாவது நிற்காமல் சீராக ஓட வேண்டும். நம்முடைய ஆட்களின் ஓட்டம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து பள்ளிக்கூடம், வழியில் கண்டவரோடு கதை. எரியத் தொடங்கும்போது எஞ்சின் நிற்கும், பாதி வெந்த சோற்றுக்கு அடுப்பை அணைத்தது போல. கொஞ்ச நாளில் பில்டர் அடைத்து, சாரதிக்கு முன்னால் எச்சரிக்கை லைற் எரிந்து, வாகனம் மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் போகாது. அந்தக் கோலத்தில்தான் எங்களிடம் கொண்டு வருவார்கள்.

மற்றக் கராஜ்களில் பொனட்டைத் திறப்பார்கள். மலர் வாகனத்தின் இடப்பக்கக் கதவைத் திறந்து, சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்காருவாள். "வழமையா எங்க போவீங்களோ அங்க போங்க. நான் ஒண்டும் கதைக்க மாட்டன்" என்பாள். ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள், சில வேளை ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வருவாள். எனக்கு அது பத்திக்கொண்டு வரும். வேலை குவிந்து கிடக்க இவள் ஊர் சுற்றுகிறாளே என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். "ஸ்கேனர் என்ன பிழை எண்டு சொல்லும், அண்ணன். ஏன் பிழைச்சது எண்டு சொல்லாது. அதுக்கு ஆளோட போகணும்" என்பாள்.

ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் ஒரு நாள் மகிழ்ச்சியோடு வந்தார். லைற் எரிகிறது என்பதுதான் முறைப்பாடு. ஆனால் மனிதர் சந்தோஷப்பட வேறு காரணம் இருந்தது. "எஞ்சின் ஒயில் குறையிறதே இல்ல பாஸ். பாக்கப் பாக்கக் கூடித்தான் இரிக்கி. அல்லாட பறக்கத்து, அவன்ட அருள்" என்றார். மலர் ஒயில் அளக்கும் கம்பியை இழுக்கச் சொல்லி, அதை மணந்து பார்த்தாள். "ஹாஜியார், இது பறக்கத்து இல்ல, டீசல். கரி எரிக்க அனுப்பின டீசல் எரியாம ஒயிலுக்குள்ள இறங்குது. இப்பிடியே விட்டா எஞ்சின் போயிரும்" என்றாள். பிறகு அவரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினாள். வீடு, கடை, பள்ளிவாசல், சாப்பாட்டுக்கு வீடு, திரும்பவும் கடை. எந்த ஓட்டமும் ஒரு கிலோமீற்றரைத் தாண்டவில்லை. ஒயிலை மாற்றிக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஓட்டமாவடி வரைக்கும் ஒரு ஓட்டம் போய்வர வேண்டும் என்று, டொக்டர் மருந்து எழுதிக் கொடுப்பது போல, துண்டில் எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து ஹாஜியாரின் மனைவி ஒரு பெரிய பாத்திரம் நிறைய வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். கலியாணம் முடித்த புதிதுக்குப் பிறகு இப்போதுதான் கிழமைக்கு ஒருதரம் தன்னை வெளியே கூட்டிப்போகிறாராம். அந்த வட்டிலப்பத்தில் பாதியை நான்தான் சாப்பிட்டேன்.

நாங்கள் சண்டை பிடித்ததும் உண்டு. பில்டர் அடைத்த வாகனத்துக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பில்டரை வெட்டி, உள்ளே இருப்பதைத் தட்டிக் கொட்டிவிட்டு, வெறும் குழாயாக ஒட்டிக் கொடுத்தால் அரை நாளில் வேலை முடியும். அதன்பிறகு லைற்றும் எரியாது, வாகனமும் நிற்காது. கரி முழுக்க வீதிக்குப் போகும், அவ்வளவுதான். மலர் லீவில் நின்ற ஒரு நாள் நான் ஒரு பிக்கப்புக்கு அதைச் செய்தேன். அடுத்த நாள் அந்தப் பிக்கப் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு வெளிக்கிட்டதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். "பின்னால சைக்கிள்ள வந்த மனுசன் மூக்கப் பொத்தினாரே, பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். "நான் பாத்தன்" என்றாள். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வெட்டவில்லை. மனம் திருந்தி அல்ல, இன்னொரு மூன்று நாளைத் தாங்கத் தெம்பில்லாமல்தான்.

கரடியனாற்றுத் தில்லையம்பலம் அண்ணனின் வானைப் பற்றி எழுதாவிட்டால் இந்த நினைவு மலரில் நான் எழுதிப் பயனில்லை. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க பாஸ். மகனிட்ட நானே சொல்லிட்டன்" என்றார்.

தில்லையண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் படுவான்கரைப் பக்கத்து ஊர் ஆட்களை மட்டக்களப்புக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குவார். மனைவி இறந்த பிறகு அந்த மனிதர் காலையில் எழும்புவதே அந்த வானுக்காகத்தான். அதற்குத்தான் அந்த லைற் எரியத் தொடங்கியது. முதல் தரம் பில்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தேன். மூன்று கிழமையில் திரும்பி வந்தது. இரண்டாம் தரம் அமுக்கத்தை அளக்கும் சென்சரை மாற்றினேன். திரும்பி வந்தது. மூன்றாம் தரம் எஞ்சின் சூட்டைப் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றி, கராஜிலேயே ஸ்கேனரால் கட்டளை கொடுத்து, முக்கால் மணித்தியாலம் எஞ்சினை உறுமவிட்டுக் கரியை எரித்தேன். அருமையாக எரிந்தது. அதாவது எரிக்கும் வேலையில் பிழையில்லை. ஆனாலும் நாலாம் தரமும் வந்தது, இந்த முறை ஏறாவூருக்குள் நடுவீதியில் நின்று, ஒரு கர்ப்பிணிப் பெண் இறங்கி ஓட்டோ பிடித்துப் போன கதையோடு.

கூடவே மகனும் வந்திருந்தான். நல்ல பிள்ளை, மட்டக்களப்பில் ஒரு கந்தோரில் வேலை. "இனியொருக்கா நடுவழியில நிண்டா வித்துப்போடுவன், பாஸ். அப்பாக்கு இனி வான் ஓட ஏலா. வருத்தக்கார ஆக்கள ஏத்திக்கிட்டு விளையாட ஏலாதுதானே" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. தில்லையண்ணன் சாரத்தை இறக்கிக் கட்டிக்கொண்டு, வானின் கண்ணாடியைத் துடைத்தபடி நின்றார். எனக்கு அலுத்துப் போயிருந்தது. "வெட்டி விட்டிருவமா?" என்று மலரிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தில்லையண்ணன், செவ்வாய்க்கிழமை உங்களோட நானும் வாறன்" என்றாள்.

செவ்வாய் முதல் பஸ்ஸில் கரடியனாற்றுக்குப் போய், நோயாளிகளோடு அந்த வானில் வந்தாள். இடப்பக்க இருக்கையில்தான். பிறகு எனக்குச் சொன்னது இது. வெளிக்கிட்டுக் கொஞ்ச தூரத்தில் சூடு ஏறத் தொடங்கி, கரியின் அளவு இறங்கிக்கொண்டு வந்திருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. செங்கலடிக்கு வர முந்தி ஒரு சின்னப் பாலம் வரும். பாலத்தடியில் தில்லையண்ணன் வானை ஓரங்கட்டினார். எஞ்சினை நிற்பாட்டினார். பட்டப்பகலில் உள் லைற்றைப் போட்டார். இரண்டு கையையும் ஸ்டியரிங்குக்கு மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு லைற்றை அணைத்து, எஞ்சினைக் கிளப்பி, ஒன்றும் நடக்காதது போல் வானை ஓட்டத் தொடங்கினார். பின்னால் இருந்தவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. திரையில் சூடு விழுந்து, கரி இறங்குவது நின்று போயிற்று. திரும்ப எரியத் தொடங்க முந்தி செங்கலடிச் சந்தியும் ஏறாவூர் நெரிசலும் வந்துவிடும். பின்னேரம் திரும்பிப் போகும்போதும் அதே பாலம், அதே இடம்.

கராஜின் பின்பக்கம் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று அவள் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன், அதை மறைக்கப் போவதில்லை. "கிழவனுக்கு மூளை கலங்கிட்டு" என்றேன். மலர் சிரிக்கவில்லை. "அவடத்த முந்தி சென்ரி இருந்தது, அண்ணன்" என்றாள்.

இளம் ஆட்களுக்குச் சொல்கிறேன். யுத்த காலத்தில் ஆமி வீதியில் போட்ட சோதனை நிலையங்களைத்தான் சென்ரி என்போம். வாகனம் அவ்விடத்தில் நிற்க வேண்டும், எஞ்சினை நிற்பாட்ட வேண்டும், உள்ளே இருக்கும் முகங்கள் தெரிய லைற்றைப் போட வேண்டும். அந்தப் பாலத்தடிச் சென்ரியைக் கழற்றி எத்தனையோ வருஷம். அந்த இடத்தில் இப்போது புல்தான் இருக்கிறது. நானும் அந்த வழியால் ஆயிரம் தரம் போயிருக்கிறேன், ஒரு நாளும் எனக்கு அது ஞாபகம் வந்ததில்லை.

"அப்ப நிப்பாட்ட வேணாமெண்டு சொல்லிவிடுவம். முடிஞ்சுது" என்றேன். "அவருக்கே தெரியா, அண்ணன்" என்றாள் மலர். நான் நம்பவில்லை. அடுத்த தரம் தில்லையண்ணன் வந்தபோது சாதாரணமாகக் கேட்பது போல், வழியில் எங்கேயாவது நிற்பாட்டுகிறீர்களா என்று கேட்டேன். "இல்ல பாஸ். எல்லாரையும் ஏத்தினா செங்கலடிச் சந்தி மட்டும் ஒரே ஓட்டம்தான்" என்றார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இதைப் போய் மகனிடம் சொன்னால் என்ன நடக்கும்? அப்பாவுக்கு நினைவு தவறுகிறது என்று அன்றைக்கே வானின் திறப்புச் சாவியை வாங்கிவிடுவான். அவரிடமே சொன்னால், தானே திறப்பைக் கொடுத்துவிடுவார். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. மலர் மட்டும், "நான் இன்னும் ரெண்டு மூண்டு தரம் போய் வாறன்" என்றாள். போய்த் தொலை என்றேன்.

என்ன செய்தாள் என்பதை அவள் எனக்குச் சொல்லவில்லை. செத்த வீட்டில் வைத்துத் தில்லையண்ணன் சொல்லித்தான் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை, பாலத்துக்குக் கிட்ட வரும்போது, அதுவரை வாயே திறக்காமல் வந்தவள், "உங்கட வட்டையில இந்தமுறை என்ன நெல்லு போட்டிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள். வயலைப் பற்றிக் கேட்டால் அவர் விடமாட்டார் என்று யாரிடமோ அறிந்து வைத்திருக்கிறாள். அவர் சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே கை திறப்புக்குப் போயிற்று. அவள் விடவில்லை. தண்ணி எப்பிடி, பன்றி வாறதா, ஆர் காவல் என்று மேலே மேலே கேட்டுக்கொண்டே போனாள். கை திறப்பில் இருந்தபடியே பாலம் கடந்துபோயிற்று.

கொஞ்சத் தூரம் போனதும் தில்லையண்ணனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. ஓரங்கட்டினார். "புள்ள, நான் அவடத்த நிப்பாட்டல்ல" என்றார். அப்போதுதான், இத்தனை நாளும் தான் அங்கே நிற்பாட்டிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியவந்தது. முந்தி ஒரு நாள், தான் எஞ்சினை நிற்பாட்டச் சுணங்கியதற்காக அந்த இடத்தில் ஆமிக்காரர் அவருடைய தம்பியை இறக்கி அடித்த அடியைப் பற்றிச் சொன்னாராம். தம்பி பிறகு அதிக காலம் இருக்கவில்லை. அவ்வளவையும் மலர் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கை திரும்பவும் திறப்புக்குப் போனபோது மட்டும், "எஞ்சின நிப்பாட்டாதீங்க, அண்ணன். இன்னும் கொஞ்சம் எரிய இரிக்கு" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வானை ஓட்டினார்.

அதற்குப் பிறகும் நாலைந்து தரம் அவரோடு போனாள். கடைசித் தரம் அவள் கதைக்கவே இல்லை, அவராகவே பாலத்தைக் கடந்தார். அன்றைக்கு வந்து என்னிடம் சொன்னது, "சரியா எரிஞ்சு முடிஞ்சுது" என்பது மட்டும்தான். பிறகு அந்த வானின் சென்சருக்குப் போகும் இறப்பர் குழாயைக் கழற்றிப் புதிதாகப் போடச் சொன்னாள். நல்ல குழாயை என்ன விசருக்கு மாற்றுவது என்று கத்தினேன். "மகனுக்குக் காட்டப் பழைய குழாய் ஒண்டு வேணும், அண்ணன்" என்றாள். வேலைத் துண்டில் 'குழாய் மாற்றப்பட்டது' என்று எழுதினாள். எழுதியதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மகன், "இந்தச் சின்னச் சாமானா இவ்வளவு ஆக்கினை பண்ணினது?" என்று கேட்டான். ஓம் என்றாள் மலர். அந்த வான் அந்தப் பிழைக்குத் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் ஓடுகிறது.

இனி நான் எழுத விரும்பாததை எழுதுகிறேன். போன வருஷத்திலிருந்து மாதத்தில் ஒரு செவ்வாய் மலர் பிந்தி வரத் தொடங்கினாள். சில செவ்வாய்களில் வரவேயில்லை. கேட்டால், "சொந்த அலுவல், அண்ணன்" என்பாள். நான் முணுமுணுப்பேன். ஆள் மெலிந்து போனாள். "என்ன, விரதம் கூடிப்போச்சோ?" என்று பகிடி விட்டேன். சிரித்தாள். ஒயிலை மணந்து டீசல் என்று சொன்ன அந்த மூக்குக்கு இப்போது கராஜின் மணம் ஒத்துக்கொள்ளாமல் வாசல் பக்கம் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். அதையும் பார்த்தேன். காற்று வாங்குகிறாள் என்று நினைத்தேன். எந்த எஞ்சினாவது இத்தனை அடையாளம் காட்டியிருந்தால் அன்றைக்கே கழற்றிப் போட்டுத் தேடியிருப்பேன்.

செத்த வீட்டில் பந்தலுக்கு வெளியே தில்லையண்ணன் என் பக்கத்தில் வந்து குந்தினார். அந்தச் செவ்வாய்களில் கிளினிக்குக்கு மலர் போனது அவருடைய வானில்தான். செங்கலடிச் சந்தியில் ஏறுவாளாம். யாரிடமும் சொல்ல வேண்டாம், முக்கியமாகப் பாஸிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். "ஏன் எனக்கு?" என்று கேட்டேன். "தெரிஞ்சா நீங்க அவவ வேலைக்கு வர விட மாட்டீங்களாம்" என்றார். உண்மைதான், விட்டிருக்க மாட்டேன். "ஆஸ்பத்திரி வாசலடிக்கு வந்தா அவ இறங்க மாட்டா, பாஸ். எல்லாரும் இறங்கிப் போயிருவாங்க, அவ அப்படியே இருப்பா. நான் எஞ்சின நிப்பாட்டாம எதையாவது கதைச்சுக்கிட்டு இருப்பன். வயல், மாடு, என்ட மனிசி ஆக்கின கறி, வாயில வந்ததெல்லாம். ஒருநாள் அரை மணித்தியாலம் கதைச்சன். மறுகா அவவா இறங்கிப் போவா" என்றார். சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பொறாமை. பதினொரு வருஷம் அவள் இருந்தது என்னோடு. அவளுக்குப் பக்கத்தில் இருந்தது அவர்.

அவளிடமிருந்து என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஈஸ்வரி கேட்டாள், எழுத்தின் முடிவில் அதைச் சொல்ல வேண்டுமாம். ஊரில் யாருடைய வாகனம் அடைத்தாலும் "நானும் வாறன்" என்று ஏறி உட்கார்ந்தவள் அவள். அவளிடம் அந்த வார்த்தையை நான் ஒரு செவ்வாய்க்கிழமைகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த வார்த்தைதான் என்னிடம் இருக்கிறது. வேறு ஒன்றும் வைத்திருப்பதாக நான் பெருமை பேச மாட்டேன்.

போன கிழமை எங்கள் கராஜில் பெயின்ற் வேலை செய்யும் இஸ்மாயில், அரை நாள் லீவு வேண்டும், சொந்த அலுவல் என்று வந்து நின்றார். கையைக் கழுவிக்கொண்டு, "நானும் வாறன்" என்றேன். அவர் பயந்துவிட்டார். "மகள்ட பிறப்புப் பத்திரம் எடுக்கத்தான் பாஸ், வேறொண்டும் இல்ல" என்றார். "பரவாயில்ல, வாறன்" என்றேன். பிரதேச செயலகத்தில் ஒரு மணி வரைக்கும் மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். உண்மையிலேயே பிறப்புப் பத்திரம்தான். எனக்கு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. மகளின் வயதைக் கேட்டேன், இரண்டு தரம் கேட்டேன். நான் அவரை நம்பாமல் பின்னால் வந்தேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும். இலக்கம் கூப்பிடும் வரைக்கும் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.